சொந்த யோசனை வேண்டாம்

துணிக்கடை மாடியில் ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுக்கும் டீச்சருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'இங்ககுடு டீச்சர்'. தெருவுக்கே தெரிந்த அந்தப் பெயர் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. தெரிந்திருந்தால் வைத்தவளைச் சும்மா விட்டிருப்பாளா?

பெயர் ஒன்றும் காரணமில்லாமல் வரவில்லை. மாடியில் நீளமான ஒரு மேஜை, அதைச் சுற்றி நாலைந்து பெண்கள், சுவரோரம் தையல் மெஷின்கள். துணித்துண்டுகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைக்கிற வேலை. கற்றுக்கொள்ள வந்தவள் கத்தரியை எடுத்துத் துணிமேல் வைப்பாள். கத்தரி வாயைத் திறக்கும் முன்னே டீச்சரின் கை நீளும். "ஐயய்யே, அப்படியா பிடிப்பாங்க? இங்க குடு!" அவ்வளவுதான், துணியும் போச்சு, கத்தரியும் போச்சு. டீச்சரே வெட்டுவாள், டீச்சரே தைப்பாள், வாய் ஒரு பக்கம் ஓயாமல் விளக்கிக்கொண்டிருக்கும். வந்தவள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் அருமையான ஒரு போர்வையோடு வீட்டுக்குப் போவாள். ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரிந்திருக்காது.

ஒருமுறை கடைக்காரர் மாணவிகளின் போர்வைகளை எல்லாம் கடைக்கு முன்னால் வரிசையாகத் தொங்கவிட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்னங்க, எல்லாமே ஒரே ஆள் தைச்ச மாதிரி இருக்கே" என்றார்கள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஒரே கிளாஸ்ல படிச்சவங்க ஆச்சே, பின்ன எப்படி இருக்கும்?" என்றாள்.

மாணவிகள் பொறுத்துக்கொண்டார்கள். அவளுடைய அக்கா பொறுத்துக்கொள்ளவில்லை.

பிறந்த வீட்டு ஆள் என்று டீச்சருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு அக்காதான். பக்கத்து ஊரில் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்தவர் சொல்லி அவள் ஒரு காரியம் செய்தாள் என்று சரித்திரமே கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டையே, "இவருக்கு என்ன தெரியும், காலையில வேண்டாம், ராத்திரி போட்டுக்கறேன்" என்று திருத்துகிற ரகம்.

அவள் வீட்டுக்காரர், அதாவது டீச்சருக்கு அத்தான், போன வருஷம் காலமாகிவிட்டார். பீரோ நிறையச் சட்டைகள் மிஞ்சின. அத்தனையும் கோடு போட்ட சட்டைகள். அத்தான் கொஞ்சம் குள்ளம். நிற்கிற கோடு ஆளை உயரமாகக் காட்டும் என்று வாலிப வயதில் எவனோ ஒரு கடைக்காரன் சொல்லிவைத்தான். அன்று பிடித்த கோட்டை மனிதர் கடைசிவரை விடவில்லை. உயரம் மட்டும் கூடவே இல்லை, பாவம்.

அக்கா ஒருநாள் அந்தச் சட்டைகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தாள். "தனியா இருக்க என்னமோ போல இருக்குடி. அவர் சட்டையெல்லாம் சேர்த்து ஒரு போர்வை தைச்சுப் போர்த்திக்கணும். கத்துக் குடு. நானே தைக்கணும், தெரிஞ்சுதா?"

'நானே' என்றது டீச்சரின் காதுக்குப் போனது. கைக்குப் போகவில்லை.

அக்கா முதலில் எடுத்தது நீலக் கோடு போட்ட சட்டை. அதை மேஜையில் விரித்து, காலரைத் தடவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கத்தரியை வைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதால் கோடு சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. கத்தரி கொஞ்சம் வடக்கே போய்க் கொஞ்சம் கிழக்கே திரும்பப் பார்த்தது. டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பொறுத்தாள் என்றா சொன்னேன், ஒரு மூச்சு விடுகிற நேரம். "ஐயோ, கோணலாப் போகுதுக்கா! இங்க குடு!" பிடுங்கினாள், திருப்பினாள், சாணுக்குச் சாண் ஒரு சதுரம் வெட்டி மேஜையில் போட்டாள். "பாத்தியா? இப்படி."

அக்கா அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். சதுரத்தையும் மீதிச் சட்டையையும் மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"அவர் சட்டையில முதல் வெட்டு என் கையால விழணும்னு வந்தேன்டி" என்றாள். "இனிமே உன் வீட்டுல நான் கால் வைக்கல."

அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

டீச்சர் போன் அடித்தாள், அக்கா எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு போனிலிருந்து அடித்தாள், குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. "தப்பு என்னோடதுதாங்க, நான் இல்லைன்னு சொல்லல" என்று புருஷனிடம் அழுவாள். அழுது மூக்கைத் துடைத்துவிட்டு, "ஆனா கோணலாத்தானே வெட்டினா?" என்பாள்.

புருஷன் ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இதற்கெல்லாம் பதில் சொல்லக் கூடாது என்று தெரிந்தவர்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. பிறகு ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. தங்கைக்கு இல்லை, கேட்கீப்பருக்கு.

"தம்பி, அவகிட்ட சொல்லுங்க. போர்வை எப்படித் தைக்கிறதுன்னு ஒரு தாள்ல எழுதி அனுப்பட்டும். பேச வேண்டாம், வர வேண்டாம். தாள்லேர்ந்து கை நீளாது பாருங்க. அதைப் படிச்சு நான் தைச்சு முடிச்சேன்னா, போர்வையோட வந்து உங்க வீட்டுல ஒரு காபி குடிக்கிறேன். முடியலேன்னா சட்டையெல்லாம் பெட்டிக்குள்ள போயிடும். நானும் இப்படியே இருந்துடறேன்."

டீச்சர் துள்ளிக் குதித்தாள். தாளாம், எழுத்தாம், இதென்ன பிரமாதம்! உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிப் புருஷனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"சட்டைகளைப் பக்குவமாக வெட்டவும். தேவையான ஓரம் விட்டு அழகாகச் சேர்க்கவும். பிறகு வழக்கம் போல முடிக்கவும்."

"எப்படி?" என்றாள் டீச்சர்.

"வழக்கம் போலன்னா, யாரோட வழக்கம்?"

"தைக்கிறவங்க வழக்கம்தான்!"

"உங்க அக்காவுக்கு அந்த வழக்கம் இருந்தா இந்தத் தாளே வேண்டாமே. எங்க கேட்டுல 'வழக்கம் போல மூடவும்'னு மட்டும் எழுதி மாட்டியிருந்தா எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் காரியம்.

"எனக்கு ஊசிக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியாது. நீ எழுது, நான் படிச்சுத் தைக்கிறேன். நானே தைச்சிட்டேன்னா உங்க அக்காவும் தைச்சிடுவாங்க. ஒரே ஒரு நிபந்தனை, நீ வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது."

பழைய கோடு போட்ட மெத்தை விரிப்பு ஒன்று பலியானது. கூடத்தில் மெஷினுக்கு முன்னால் கேட்கீப்பர். எதிரே ஸ்டூலில் டீச்சர், மடியில் உரிக்க ஒரு முறம் பச்சைப் பட்டாணி. கை சும்மா இருந்தால்தானே நீளும் என்று அவரே வாங்கிவந்து கொடுத்தது. போதாததற்கு, வேலையிலிருந்த காலத்துச் சிவப்புக் கொடியைப் பரணிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். டீச்சரின் கை எழுந்தால் கொடியும் எழும்.

புதுத் தாளில் முதல் வரி, 'துணியை இஸ்திரி போடவும்.' டீச்சர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினாள். மனிதர் இன்னமும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வியர்வை சொட்டியது.

"எப்ப நிறுத்தணும்னு போடலையே" என்றார்.

'சுருக்கம் போனதும் நிறுத்தவும்' என்று டீச்சர் சேர்த்து எழுதினாள்.

அடுத்த வரி, 'இரண்டு சதுரங்களின் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துத் தைக்கவும்.' அன்றைக்கு அவர் செய்த கூத்தை என்னவென்று சொல்வது! இரண்டு டம்ளரை எதிரும் புதிருமாக வைத்து, ஆளுக்கொரு சதுரத்தைச் சாத்தி நிறுத்தி, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கு. நடுவுல இவ்வளவு இடம் கிடக்கே, தையலை எங்க போடறது?"

டீச்சருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "இங்க கு..." என்று எழுந்தாள். கொடி எழுந்தது. உட்கார்ந்தாள். பட்டாணி நாலு பக்கமும் உருண்டது. 'ஒரு சதுரத்தை மேஜையில் நல்ல பக்கம் மேலே தெரிய வைக்கவும். இன்னொன்றை அதன்மேல் கவிழ்த்துப் போடவும்' என்று எழுதினாள். எழுதும்போதே, இத்தனை வருஷமாகத் தன் கை செய்வதைத் தன் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது அவளுக்கே உறைத்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

அப்புறம் தாள் மளமளவென்று மாறியது. 'பக்குவமாக' போனது, 'அழகாக' போனது, 'தேவையான ஓரம்' காணாமலே போனது. அளவு எடுக்கிற தொல்லையே வேண்டாம் என்று, செருப்பு டப்பா அட்டையில் தையலுக்கு விடுகிற ஓரத்தையும் சேர்த்துச் சாணுக்குச் சாண் ஒரு சதுரம் வெட்டினாள். அதைத் துணிமேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினால் போதும். ஊசிக்குக் கீழே துணியை அமுக்குகிற மெஷின் பாதமும் துணியின் ஓரமும் ஒட்டிக்கொண்டு போனால் தையல் தானாக நேரே வரும் என்று எழுதினாள். ஒரு வரியில் ஒரே வேலை. ஒவ்வொரு வேலை முடிந்ததும், 'இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு நீளமான பட்டை. அப்படி இல்லையென்றால் மேலே போகாமல் பிரிக்கவும்' என்று ஒரு வரி. முதலில் நடுவில் நட்சத்திரம் வைக்கலாம் என்று ஆசைப்பட்டாள். புருஷன் கொடியைத் தூக்கினார். நட்சத்திரம் போனது. அத்தானின் கோடுகளே போதும் என்று ஆனது. ஒரு சதுரத்தில் கோடு நிற்கட்டும், அடுத்ததில் படுக்கட்டும், இப்படி மாற்றி மாற்றி வைத்தால் பாய் முடைந்த மாதிரி வரும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

எந்தச் சதுரம் எங்கே என்பதற்கு ஒரு படம் வேண்டுமே. பென்சிலை எடுத்துக்கொண்டு சமையல் மேடையிலேயே நின்று வரைந்தாள். நின்றது, படுத்தது, நின்றது, படுத்தது. நடுவில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஓடிப்போய் இறக்கி, மேடையைத் துடைத்து, பாலைத் திட்டி, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து வரைந்து முடித்தாள்.

வீட்டில் தினமும் பட்டாணி வெந்துகொண்டிருந்தது. ஒருவழியாகக் கேட்கீப்பரின் போர்வை முடிந்தது. ஓரம் மடித்துத் தைத்ததுகூடச் சுத்தமாக இருந்தது. டீச்சர் அதைக் கட்டிலில் விரித்துவிட்டு ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்னங்க இது? இந்த ஒரு கட்டம் மட்டும் நிக்குது? படுக்கணும்ல?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு."

"நான் வரைஞ்ச தாள் எனக்குத் தெரியாதா?"

"ஒரு தடவை எடுத்துப் பாரேன்."

"நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க முதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க, கண்ணாடியை மாத்துங்க! இவ்வளவு விலாவாரியா எழுதிக் குடுத்தும் கடைசியில சொந்த மூளையைக் காட்டிட்டீங்களே!"

கேட்கீப்பர் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டார். சிவப்புக் கொடிக்கும் நிற்காத வண்டி எது என்று அவருக்குத் தெரியும். டீச்சர் அந்தப் போர்வையை மடித்து, யார் கண்ணிலும் படாமல் பீரோவின் அடித்தட்டில் திணித்தாள். பிறகு தாளின் அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதிக் கோடு இழுத்தாள்.

'படத்தில் உள்ளபடியே வைக்கவும். சொந்த யோசனை வேண்டாம்.'

"உங்க அக்காவுக்கு இப்படியா எழுதறது?" என்றார் அவர்.

"அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. இது இல்லேன்னா நிக்கிறதைப் படுக்க வைப்பா, படுக்கிறதைச் சாய்ச்சு வைப்பா."

தாளும் அட்டையும் தபாலில் போயின.

அதற்குப் பிறகு இருந்த இருப்பை எழுத்தில் சொல்ல முடியாது. போன் பண்ணக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். "ஓரம் ஒட்டித் தைக்கிறாளோ இல்லையோ", "அட்டையைத் தொலைச்சிருப்பாளோ", "அந்த நீலச் சட்டையைப் பாத்ததும் மறுபடி என்மேல கோபம் வந்திருக்குமோ" என்று நாள் முழுக்கப் புலம்பல். கேட்கீப்பர் தன் போன் டீச்சர் கைக்குச் சிக்கக் கூடாது என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினார். மாடி வகுப்பில் டீச்சர் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். மாணவிகள் பயந்துபோனார்கள். உடம்பு சரியில்லையோ என்று கடைக்காரர் ஆள் அனுப்பி விசாரித்தார். மாணவிகளில் ஒருத்தி தானே வெட்டித் தானே தைத்து ஒரு தலையணை உறையை முடித்தாள். மகா கோணல். அவளோ அதை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் குதித்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்து டீச்சருக்கு ஏனோ அக்காவின் ஞாபகம் வந்தது.

ஒருநாள் மத்தியானம் வாசல் மணி அடித்தது. டீச்சர் போய்க் கதவைத் திறந்தாள்.

அக்கா நின்றாள். கையில் அதே பை. கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"காபி இருக்கா?" என்றாள்.

டீச்சர் கதவை அகலத் திறந்து வழிவிட்டாள். அக்கா செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தாள். நேரே கட்டிலுக்குப் போய்ப் பையிலிருந்து போர்வையை எடுத்து உதறி விரித்தாள்.

அடேயப்பா! அத்தான் மொத்தமும் அங்கே இருந்தார். சாம்பல் கோடு, பழுப்புக் கோடு, கல்யாணத்துக்குப் போகிற மெரூன் கோடு. நின்றது, படுத்தது, நின்றது, படுத்தது. தையல் நூல் பிடித்த மாதிரி நேர். டீச்சரின் கண் நிறைந்தது. நிறைந்த கண் போய்ச் சரியாக ஓர் இடத்தில் நின்றது.

ஒரு கட்டம். படுக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

கை நீளப் பார்த்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றாள்.

கேட்கீப்பர் எட்டிப் பார்த்தார். பீரோவைத் திறந்தார், அடித்தட்டில் கிடந்த தன் போர்வையை உருவினார், அக்காவின் போர்வைக்குப் பக்கத்தில் விரித்தார். அதே வரிசை, அதே இடம், அதே மாதிரி ஒரு கட்டம் விறைத்துக்கொண்டு நின்றது.

டீச்சர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தத் தாள் எங்க?" என்றாள். அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். படத்தில் அந்தக் கட்டம் நின்றது. அதன்மேல் பால் தெறித்த கறைகூட இருந்தது.

"ஐயோ!" என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "என் தப்பா? இவரை அந்தத் திட்டுத் திட்டினேனே! ஏன்க்கா, உனக்குத் தைக்கும்போது தெரியலையா?"

"தெரியாம என்ன? ஒரு விடுதியையே மேய்ச்சவளுக்கு ஒரு கோடு தெரியாதா?"

"பின்ன ஏன் திருப்பி வைக்கல? மருந்துச் சீட்டையே திருத்துவியே!"

"கீழ எழுதியிருந்தியேடி, சொந்த யோசனை வேண்டாம்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துது. தாளைக் கிழிச்சுப் போடலாம்னு தோணிச்சு. அப்புறம், சரி, பொறந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட உன் பேச்சைக் கேட்டதில்லையே, இந்த ஒரு தடவை கேட்டுத்தான் பாப்போம்னு கேட்டேன்." அக்கா பெருமூச்சு விட்டாள். "கேட்டதோட லட்சணத்தைப் பாரு."

கேட்கீப்பர் சிரிப்பை அடக்க முடியாமல் காபி போடுகிற சாக்கில் உள்ளே ஓடினார்.

"பிரிச்சிடலாம்க்கா. ஒரே ஒரு கட்டம்தானே, ஒரு நிமிஷத்துல நான்..." கை முதுகிலிருந்து விடுபட்டு முன்னால் வந்துவிட்டது.

அக்கா போர்வையைச் சரேலென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தொட்டே, அவ்வளவுதான். அது எந்தத் துண்டுன்னு பாத்தியா நீ?"

டீச்சர் குனிந்து பார்த்தாள். நீலக் கோடு.

"அன்னைக்கு என் கையிலேர்ந்து பிடுங்கி வெட்டினியே, அதே துண்டு. எங்க வைக்கிறதுன்னு தெரியாம எத்தனையோ நாள் முழிச்சேன். பாத்தாலே கோபம் வருது. தூக்கிப் போடவும் மனசு வரல, அவர் சட்டையாச்சே. தாள்ல உன் தப்பைப் பாத்ததும் நிம்மதியாப் போச்சு. உன் தப்பு, உன் துண்டு, ரெண்டும் ஒரே இடத்துல இருந்துட்டுப் போகட்டும்னு அங்கேயே வச்சுத் தைச்சிட்டேன். போர்த்திக்கிட்டா சரியா நெஞ்சுக்கு நேரா வருது. தினமும் ஒரு தடவை உன்னைத் திட்டிட்டுத் தூங்கிடறேன்." அந்தத் துண்டைத் தடவினாள். "அவருக்கும் நிக்கிற கோடுதானே பிடிக்கும்."

டீச்சர் விக்கி விக்கி அழுதாள். "முதல் வெட்டு உன்னோடதா இருந்திருக்கணும்க்கா. தப்பு பண்ணிட்டேன். கோணலாவே வெட்டியிருக்கலாம் நீ. உன் இஷ்டத்துக்கு வெட்டியிருக்கலாம்." இந்தத் தடவை அதற்கு அப்புறம் 'ஆனா' என்று ஒன்றும் வரவில்லை.

"ஆமாம், இருந்திருக்கணும்" என்றாள் அக்கா. தேற்றுவதற்காகக்கூட மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் போர்வையின் ஒரு முனையை எடுத்துத் தங்கையின் மடியில் போட்டாள்.

காபி வந்தது. மூவரும் குடித்தார்கள். அக்கா சர்க்கரை போதாது என்றாள், டம்ளர் சரியில்லை என்றாள், எல்லாம் பழையபடி இருந்தது. டீச்சர் குடித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். ஆனால் கண் மட்டும் போர்வை ஓரத்தைவிட்டு நகரவில்லை. அங்கே ஒரு நூல், வெட்டாமல், விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்கீப்பர் அதைக் கவனித்துவிட்டு மெல்லக் கொடியைத் தேடினார்.

அக்கா முந்திக்கொண்டாள். பையைத் துழாவிச் சின்னக் கத்தரி ஒன்றை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"வந்ததுலேர்ந்து அதையே பாத்துக்கிட்டிருக்கே. இந்தா, வெட்டு. நூலை மட்டும்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தரியை வாங்கினாள். நூலை மட்டும் வெட்டினாள். கத்தரியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தாள்.